மண்ணுக்கு விதைத்த கௌபி

பழுகாமத்து வட்டையில் அறுவடை முடிந்தால் வயலெல்லாம் ஊர் மாடுகளுக்குத்தான். உதயரூபன் அந்த வழக்கத்தை மீறி, தன் வயலுக்கு வேலி கட்டிக் கௌபிப் பயறு விதைத்தான். பூக்கும்போது உழுது புதைத்தால், இரண்டு போகமாய் விளையாத மண் தேறும் என்பது அவனுடைய கடைசி நம்பிக்கை.

பூத்த அன்று பக்கத்து வளவுக் கண்ணகை, கன்று ஈன்ற பசுவோடு வந்து நின்றாள்.

“பால் வத்திப் போச்சு தம்பி. கொஞ்சம் திண்டுட்டுப் போகட்டும்.”

“இது மண்ணுக்குப் போட்ட சோறு அக்கா.”

“மண் பசிக்குதெண்டு கத்தினதோ? இது கத்துது, கேக்குதா?”

கேட்டது. மாட்டைவிடத் தன் மனத்துக்குத்தான் அவன் பயந்தான். அடுத்தவன் வீட்டுக் கல்யாணத்தில்கூட முதலில் அழுகிற மனம் அது. நாளைக்கு என்று விட்டால் வேலிப் படலையைத் தானே திறந்துவிடுவான். உடனே உழவு மெஷினை இறக்கினான். பச்சையெல்லாம் மண்ணுக்குள் போனது. வரம்போரம் இரண்டு வரிசை மிஞ்சியபோது நிறுத்திவிட்டுப் படலையைத் திறந்தான்.

கண்ணகை பசுவை அந்த இரண்டு வரிசையில் மேயவிட்டாள். உழுத மண்ணைப் பசு மிதிக்காதபடி கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வரம்பிலேயே நின்றாள்.