பாடம்: இயற்பியல்

முத்தாபுதுப்பேட்டை குடியிருப்பின் படிப்பறையில் படிப்பைத் தவிர மற்றதெல்லாம் நடக்கும். கேரம் நடக்கும், அரசியல் நடக்கும், மதிய வேளையில் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூக்கமும் நடக்கும். அங்கே ஒரு அலமாரியைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி, இளசுகள் படிக்கிற நாவல்களாக அடுக்கி வைத்தாள் கவிப்பிரியா. கல்லூரியில் இரண்டாம் வருடம். பறக்கும் பெண், பேசும் வாள், கடலுக்கடியில் ராஜ்ஜியம் என்று வந்துவிட்டால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம். ஆனால் படித்து முடித்ததும் யாரிடமாவது அதைப் பற்றிப் பேசியாக வேண்டும், இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். வீட்டில் ஆரம்பித்தால், "சரி, சாப்டியா?" என்பார்கள்.

சங்கச் செயலாளர் குணசேகரன் அலமாரியைக் கொடுக்கும்போதே கறாராகச் சொல்லிவிட்டார்.

"மாசக் கடைசி வரிக்கும் பாப்பேம்மா. ஒருத்தரும் தொடலன்னா கேரம் போட்டில ஜெயிச்ச கப்பெல்லாம் அதுல வெச்சிடுவேன். இப்ப எல்லாம் என் ஊட்டு டிவி மேல கீது. ஊட்டுக்காரம்மா திட்டிகினே கீறாங்க."

ஒருத்தரும் தொடவில்லை. தூசிதான் தொட்டது.

நிலைமையைப் பார்க்கப் பூந்தமல்லியிலிருந்து சைமா வந்தாள். கல்லூரித் தோழி. அவளுக்கு மாயமந்திரமெல்லாம் ஆகாது. ஸ்கூல், காதல், அம்மாவோடு சண்டை என்று நம் தெருவில் நடக்கக்கூடிய கதைதான் வேண்டும். எது உசத்தி என்று இருவருக்கும் பஸ்ஸில் நடக்கும் சண்டையில் கண்டக்டரே தலையிட்டிருக்கிறார்.

"இன்னாடி இது, எல்லா புக்கும் கிழிஞ்சி போய் கலீஜா கீது?" என்றாள் சைமா. "பழைய கடையில வாங்கினா அட்ட போட மாட்டியா? அத்தா கடையில பிரவுன் ஷீட்டும் லேபிளும் மிச்சம் கீது, எடுத்தாறேன்."

எடுத்து வந்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து எல்லாப் புத்தகத்துக்கும் அட்டை போட்டு லேபிள் ஒட்டினார்கள். பள்ளிக்கூட லேபிள், பெயர், வகுப்பு, பாடம் என்று கோடு போட்டிருந்தது. கதையின் பெயரைப் பார்த்து யாரும் முன்கூட்டியே முடிவுகட்டக் கூடாதென்று அதைக் காலியாக விட்டாள் கவிப்பிரியா. அப்போதுதான் அவளுக்குக் குறும்பு தலைக்கேறியது. பறக்கும் பெண்ணின் கதைக்கு ஒட்டிய லேபிளில், 'பாடம்: இயற்பியல்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே பொடி எழுத்தில், 'இதில் ஆப்பிள் மேலே போகும்' என்று போட்டாள். சைமா விடுவாளா? தன் உயிருக்குயிரான காதல் கதையை இழுத்து, 'பாடம்: வேதியியல்' என்று எழுதி, அடியில், 'ஒரே பஸ், இரண்டு பேர்' என்று சேர்த்தாள். பேய்க்கதை வரலாறு ஆயிற்று. நட்பு முறிந்து ஒட்டுகிற கதை உயிரியல் ஆயிற்று, அடியில் 'இதயம் மட்டும்'. சிரித்துச் சிரித்து இருவருக்கும் வயிறு வலித்தது.

அடுத்த வாரம் அலமாரி காலி.

கவிப்பிரியாவுக்குத் தலைகால் புரியவில்லை. அதிலும் எடுத்துப் போனவர்கள் எல்லாம் அம்மாக்கள். முதல் ஆளாக வந்து மூன்றை அள்ளிக்கொண்டு போனவள் மாடி வீட்டுத் தாட்சாயிணி. ஊரே கதை படிக்க ஆரம்பித்துவிட்டது என்று கவிப்பிரியா காற்றில் மிதந்துகொண்டிருந்தபோது, தாட்சாயிணியின் மகள் சிம்ரன் படிக்கட்டில் வழிமறித்தாள். பிளஸ் டூ படிக்கிற பெண்.

"அக்கா, அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"இன்னாத்த?"

"அத பிசிக்ஸ் கைடுன்னு நெனச்சிகினு கீறாங்க. நான் படிக்கசொல்லோ டிவிய ஆஃப் பண்ணி பாதாம் பால் வெக்கிறாங்க. மத்த ஆன்ட்டிங்க கைலயும் சொல்லி, எல்லாரும் எடுத்துகினு போய்ட்டாங்க. கத செமயா கீதுக்கா!"

கவிப்பிரியா தரைக்கு வந்து சேர்ந்தாள். அவள் கேட்டது கதைக்கு வாசகர்கள். கிடைத்தது பரீட்சைக்குப் பயந்த அம்மாக்கள். விஷயம் வெளியே வந்தால் நாவல் என்ற சொல்லையே இந்தக் குடியிருப்பில் எடுக்க முடியாது. சைமாவுக்குப் போன் செய்தாள்.

"கம்முனு இருடி," என்றாள் சைமா. "அலமாரி தப்பிச்சிச்சில்ல? அது போதும்."

போதவில்லை. தனக்கு உயிரான கதையைக் கைடு என்று நினைத்து யாரோ தூக்கிப் போவது அவளுக்கு அவமானமாக இருந்தது. கதைக்கும் அவமானம், எடுத்துப் போனவர்களுக்கும் அவமானம்.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை குணசேகரன் காலி அலமாரி முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"ஜெயிச்சிட்டம்மா. இது இனிமே உன்னுதுதான்."

கவிப்பிரியா உண்மையைப் போட்டு உடைத்தாள். "அங்கிள், அதெல்லாம் கைடு இல்ல. கதை. விளையாட்டுக்கு லேபிள்ல அப்டி எழுதிட்டேன், எல்லாரும் நம்பிட்டாங்க. கப்பை வெக்கிறதுன்னா வெச்சிக்கங்க."

குணசேகரன் அதிர்ச்சி அடையவில்லை. கூரையில் சுற்றும் மின்விசிறியை ஏதோ புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துத் தாட்சாயிணி உள்ளே வந்தாள். வந்த வேகத்தில் புத்தகத்தைக் கேரம் போர்டு மேல் போட்டாள். காய்கள் சிதறின.

"இன்னாடி கவி இது? இயற்பியல்னு போட்டுகீது! கேள்வி கேட்டு ஒப்பிக்க வெக்கலாம்னு பிரிச்சா, ஒரு பொண்ணு காத்துல நிக்குது!"

"சாரி ஆன்ட்டி, நான் வந்து..."

"இன்னா சாரி? பாதாம் பால நானே குடிச்சிகினு படிச்சேன். குக்கர் எத்தினி விசில் வுட்டுச்சுன்னே தெரியல, பருப்பு கூழாயிடுச்சி. கடைசில அந்தப் பொண்ண மல உச்சிலருந்து தள்ளி வுட்டுட்டு, 'முதல் பாகம் முற்றும்'னு போட்டுகீறான். வயித்தெரிச்சல்! ரெண்டாம் பாகம் எங்கடி?"

கவிப்பிரியாவுக்குப் புரியவே சற்று நேரம் பிடித்தது. "அலமாரிலதான் வெச்சிருந்தேன் ஆன்ட்டி. யாரோ எடுத்துகினு போய்ட்டாங்க."

குணசேகரன் தொண்டையைக் கனைத்தார். "அது எங்கிட்ட கீதும்மா. பேத்திக்கு கைடு ஆவுமேன்னு..."

"உங்களுக்கு ஏது பேத்தி?" என்றாள் தாட்சாயிணி. "உங்க பையனுக்கே இன்னும் பொண்ணு அமையலியே?"

கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். குணசேகரனின் முகம் சிவப்புக் காயைப் போல ஆகிவிட்டது.

"சரி, வுடுங்க. படிச்சீங்களா?" என்றாள் தாட்சாயிணி.

"பாதி தாண்டிட்டேன்."

"அப்ப அந்தப் பொண்ணு பொழச்சாளா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

குணசேகரன் உற்சாகமாக நாற்காலியை இழுத்துப் போட்டார். "அது இன்னா ஆச்சுன்னா..."

"சொல்லாதீங்க அங்கிள்!"

கவிப்பிரியா போட்ட கூச்சலில் பேப்பருக்கடியில் தூங்கியவர்கூட எழுந்து உட்கார்ந்தார். இப்படிக் கத்துவதற்கு இந்தக் குடியிருப்பில் ஒரு சந்தர்ப்பம் வராதா என்றுதான் அவள் ஏங்கிக்கொண்டிருந்தாள். அது வந்தே விட்டது. சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது அவளுக்கு.

"இன்னாடி, ஏன் அழற?" என்று பதறினாள் தாட்சாயிணி.

"ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. நீங்களே படிச்சிட்டு வாங்க. அப்பறம் உக்காந்து பேசலாம்."

இரண்டாம் பாகத்தை எடுத்துவரக் குணசேகரன் வீட்டுக்கு ஓடினார். டிவி மேல், கேரம் கப்புகளுக்கு நடுவில்தான் அதை ஒளித்து வைத்திருந்தார்.