நாலு மணி அறிவிப்பு

"அப்போ தெரிஞ்சேதான் வித்தியா? சொல்லு, தெரிஞ்சேதான் வித்தியா?"

"கத்தாதேடா. ஊரே பார்க்குது."

"பார்க்கட்டும். பன்னிரண்டு மணிக்கு ஃபோன் பண்ணி, வெள்ளரிக்காயை எடுத்து உள்ளே போட்டுடுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னே. நீ சொல்லாத நாள் எது? வாயைத் திறந்தா புயல், வெள்ளம், தண்ணியைக் கொதிக்க வை, மொட்டைமாடிக்குப் போகாதே. நீ சொல்றதையெல்லாம் கேட்டா நான் கடையே திறக்க முடியாது."

ஊரே பார்த்தது என்பது கொஞ்சம் அதிகம். எங்கள் தெருவில் பாதிப் பேர் அன்று கழிவறையை விட்டு வெளியே வரும் நிலையில் இல்லை. மீதிப் பேர்தான் பார்த்தோம். காய்க்கடைக்கு நேர் எதிர்வீடு என்னுடையது, ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரே கண்ணாடியை அரை மணி நேரமாக.

சண்டை அக்காவுக்கும் தம்பிக்கும். அக்கா காய்க்கடைக்காரி. புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாகக் கடையையும் மகளையும் பார்த்துக்கொண்டவள். தம்பிக்கு நகராட்சியில் அறிவிப்பு வண்டி ஓட்டும் வேலை. முன்பெல்லாம் ஓட்ட ஒருவர், மைக் பிடிக்க ஒருவர் இருந்தார்கள். பிறகு ஆள் குறைப்பு என்று இரண்டையும் இவன் தலையில் கட்டிவிட்டார்கள். ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் மைக். தெருவில் அவனுக்குப் பெயர் 'புயல்'. பெற்றவர்கள் வைத்தது அல்ல, நாங்கள் வைத்தது. அந்த மழைக்காலத்தில் மூன்று முறை புயல் வருகிறது என்று வந்து சொல்லிவிட்டுப் போனான். மூன்று முறையும் சுள்ளென்று வெயில். இரண்டாவது தடவை நான் மாடியில் காயப்போட்ட போர்வைகளையெல்லாம் ஈரத்தோடு உள்ளே அள்ளி வந்து, ஒரு வாரம் வீடே நாறியது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாகத் தீரவில்லை.

"எழுதிக் குடுக்கிறதை நான் படிக்கிறேன். காத்து என் பேச்சையா கேட்டுட்டு வீசுது?" என்பான். நியாயம்தான். ஆனால் அவன் குரலும் அப்படி. எவ்வளவு பயங்கரமான சேதியையும் தூக்கத்தில் கண் சொக்கும்போது வருகைப் பதிவு எடுக்கிற வாத்தியார் மாதிரிதான் படிப்பான்.

நாலாவது முறை வண்டி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். இன்று மாலை கடும் புயல், மின்சாரம் தடைபடலாம், சமைக்காமல் உண்ணக்கூடிய பொருள்களைக் கையிருப்பில் வைத்துக்கொள்ளவும். யாரும் நம்பவில்லை. ஆனால் எல்லாரும் போய் வாங்கினோம். பக்கத்து வீட்டுக்காரி வாங்கிவிட்டு நாம் வாங்காமல் விட்டால் எப்படி? ரொட்டி பத்தரை மணிக்கே தீர்ந்துவிட்டது. அப்புறம் கூட்டமெல்லாம் காய்க்கடைக்கு வந்தது.

பன்னிரண்டு மணிக்கு அவளுக்கு ஃபோன் வந்தபோது நான் கடையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "ம். சரிடா. வெள்ளரியா? ம். நாலு மணிக்கா? சரி, சரி, வை" என்றாள். வைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு வெள்ளரிக்காய்க் கூடையைக் காலால் முன்னால் தள்ளி, "மூணு எடுத்தா ஒண்ணு சும்மா" என்றாள். விஷயம் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்கும் மேல்வீட்டுக்கும் குரல் கொடுத்து வரவழைத்ததே நான்தான்.

விஷயம் இதுதான். ஆற்றோரத் தோட்டத்து வெள்ளரிக்காயைக் கழுவுகிற தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கிறது என்று பரிசோதனை முடிவு நகராட்சிக்கு வந்துவிட்டது. அறிவிக்க அதிகாரியின் கையெழுத்து வேண்டும். அதிகாரி புயல் கூட்டத்தில் இருந்தார். நாலு மணி ஆகும். தம்பிக்கு மனசு கேட்கவில்லை. அக்காவாவது விற்காமல் இருக்கட்டும் என்று ரகசியமாகச் சொன்னான். அவளுக்கோ, நாலு மணி வரைக்கும் தடை இல்லை என்பதுதான் மனசில் நின்றது.

அவளைக் கெட்டவள் என்று நான் சொல்லமாட்டேன். கூடையிலிருந்து நல்லதாகப் பார்த்து ஆறு எடுத்து மகளுக்கென்று ஒதுக்கிவைத்தாள். தம்பி பெண்டாட்டி வந்தபோது அவள் பையிலும் நாலைச் செருகினாள். என் கண்ணால் பார்த்தேன்.

சரியாக நாலு மணிக்கு வண்டி வந்து கடைவாசலில் நின்றது. ஆற்றோரத் தோட்டத்து வெள்ளரிக்காயை யாரும் உண்ண வேண்டாம், வாங்கியவர்கள் உடனே அப்புறப்படுத்தவும். காற்று கொஞ்சம் கிளம்பியிருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுந்தது. நான் பால்கனியில் நின்றேன். கீழே தையற்கடை மாமா தன் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்.

"ஏம்ப்பா புயல், காலையில வாங்கி வைன்னே. சாயந்திரம் தூக்கிப் போடுன்றே. ராத்திரிக்கு என்ன, குப்பைத்தொட்டியிலேர்ந்து திரும்ப எடுத்துட்டு வரணுமா?"

தெரு முழுக்கச் சிரிப்பு. அவன் சிரிக்கவில்லை. மைக்கைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு மறுபடி படித்தான். மூன்று முறை படிக்க வேண்டும் என்பது விதி. மூன்று முறையும் படித்துவிட்டுத்தான் போனான். அக்கா தராசைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கூடை காலி.

அன்றைக்கென்று பார்த்துப் புயல் வந்தது.

இரண்டு நாள் மின்சாரம் இல்லை. எங்கள் தெருவில் பெரும்பாலும் கரண்ட் அடுப்பு. ரொட்டியும் வெள்ளரிக்காயும்தான். சிலர் தோலைச் சீவித் தின்றார்கள், சிலர் உப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தின்றார்கள். நான் இரண்டையும் செய்தேன், பெரிய புத்திசாலி என்ற நினைப்பு. வயிறு ஒத்துக்கொள்ளவில்லை.

காய்க்கடைக்காரி மகளுக்குத்தான் ரொம்ப முடியாமல் போனது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற பெண், இருபத்திரண்டு வயது, சும்மாவே ஈர்க்குச்சி. எழுந்து நிற்க முடியவில்லை. மரம் விழுந்து ஆம்புலன்ஸ் தெருமுனையோடு நின்றுவிட, சேதி கேட்டு ஓடிவந்த தாய்மாமன்தான் அவளைத் தூக்கி அறிவிப்பு வண்டியில் போட்டு, சந்துபொந்தெல்லாம் புகுந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். என்ன சாப்பிட்டாய் என்று டாக்டர் கேட்டார். அவள் சொன்னாள். பக்கத்தில் நின்ற இவன் கேட்டான். மறுநாள் காலை கடைவாசலில் சண்டை.

"நான் சொன்ன பிறகும் வித்திருக்கியே அக்கா. மனசாட்சி இருக்கா?"

"நீ சொன்னதை நம்பியிருந்தா என் பொண்ணுக்கு என் கையாலயே நறுக்கிக் குடுப்பேனாடா? உன் வீட்டுக்குக் குடுத்து அனுப்புவேனா? மூணு தடவை புயல்னே, ஒரு இலைகூட அசையலை. இதுவும் அப்படித்தான்னு நினைச்சேன். போதுமா?"

அவன் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு கூடை மேல் உட்கார்ந்தான். "தெரு நம்பலைன்னா பரவாயில்லை. கூடப் பொறந்த நீயுமா?" என்றான். ரொம்பத் தாழ்ந்த குரலில் சொன்னதால் நான் ஜன்னலைத் திறக்க வேண்டியதாயிற்று. அவள் ஷட்டரை இறக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அவன் வீட்டில் மட்டும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவன் பெண்டாட்டி அந்த நாலையும் தூக்கிப் போட்டுவிட்டாள். கல்யாணமாகி அவன் பேச்சைக் கேட்டது அந்த ஒரு தடவைதான் என்று அவளே சொல்வாள்.

அடுத்த நாள் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு மேடம் வந்தார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் படிவக் கட்டு, கண்ணுக்குக் கீழே கருவளையம். எங்களுடையது அன்றைக்கு அவருக்குப் பதினோராவது தெருவாம். எப்போது வாங்கினீர்கள், எப்போது சாப்பிட்டீர்கள், அறிவிப்பு வண்டி வந்ததா.

முதல் வீடு தையற்கடை மாமா. அவருடைய பேரப் பிள்ளைகள் இரண்டும் உள்ளே சுருண்டு கிடந்தன. மருமகள் பின்னாலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அறிவிப்பைக் கேட்டும் தின்னக் கொடுத்தேன் என்று எப்படிச் சொல்வார்?

"வண்டியா? எங்க தெருவுக்கு எந்த வண்டியும் வரலையே மேடம்."

அவர் சொன்னதைக் கேட்ட அடுத்த வீடும் வரலை என்றது. அதற்கடுத்த வீடும். என் முறை வந்தது.

"காத்து ரொம்ப அடிச்சுது மேடம்..."

"காத்தைப் பத்தி இதுல கேள்வி இல்லைம்மா. வந்துதா, வரலையா? ரெண்டுல ஒண்ணுதான் டிக் பண்ண முடியும்."

"வரலை."

பதினேழு வீடு, பதினேழு டிக்.

இப்படி ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. மற்ற பத்துத் தெருக்காரர்களும் வண்டி வந்தது, கேட்டோம் என்றே சொல்லியிருக்கிறார்கள். எங்கள் தெரு மட்டும் வரவில்லை என்கிறது. எங்கள் தெருவில்தான் அவனுடைய அக்கா கடை. அலுவலகத்தில் கணக்குப் போட எவ்வளவு நேரம் ஆகும்? சரக்கு விற்றுத் தீரட்டும் என்று இந்தத் தெருவை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டான் என்று எழுதிவிட்டார்கள். மூன்று நாளில் விளக்கம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலை போகும், போலீஸ் வேறு. தையற்கடை மாமாவின் மருமகள் நகராட்சியில் வரி கவுண்டரில் இருக்கிறாள், அவள் வந்து சொன்னதுதான் இதெல்லாம். சொல்லும்போது மாமனாரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

மகளுடைய துணிகளைத் துவைத்து எடுத்துப்போகக் காய்க்கடைக்காரி வீட்டுக்கு வந்தபோது நான்தான் போய்ச் சொன்னேன். யாராவது சொல்லத்தானே வேண்டும்.

"உன் தம்பிக்கு வேலை போயிடும் போலிருக்கு."

அவள் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள். சும்மா இருந்தால் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அறிவிப்பே வராத தெருவில் அவள் ஒன்றும் அறியாத வியாபாரி. கடையைக் கழுவி மருந்து தெளித்துத் திறந்துகொள்ளலாம். அந்தக் கடையை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பும் கிடையாது.

"வண்டி வரலைன்னு யார் சொன்னா?"

"எல்லாரும்தான். காத்து வேற..."

"நீ?"

"எனக்குச் சரியாக் கேக்கலை."

"நீ பால்கனியில நின்னே. பச்சை நைட்டி போட்டிருந்தே. மாமா சொன்னதுக்கு முதல்ல சிரிச்சதே நீதான்."

அடுப்பில் ஏதோ வைத்திருப்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வந்துவிட்டேன்.

அன்று மத்தியானமே, ஈரத் துணியை அப்படியே கொடியில் போட்டுவிட்டு, நகராட்சிக்குப் போயிருக்கிறாள். மேடத்தின் மேஜைக்கு முன்னால் நின்றபடியே சொன்னாளாம்:

"நாலு மணிக்கு வந்தான். என் கடை வாசல்லதான் நிறுத்தினான். மூணு தடவை படிச்சான். அதுக்கு முன்னாடி பன்னிரண்டு மணிக்கே எனக்கு ஃபோன்லயும் சொல்லிட்டான். நான்தான் வித்தேன்."

மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "யோசிச்சுப் பேசுங்கம்மா. இதை எழுதினா உங்க கடை மறுபடி திறக்காது. கேஸும் வரும்."

"என் பொண்ணு இன்னைக்குத்தான் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தா. கடை திறந்தா என்ன, திறக்காட்டி என்ன. அவன் சொன்னதை நான் நம்பலை மேடம், அது என் தப்பு. அவன் சொன்னான்கிறதையாவது நீங்க நம்புங்க." ஃபோனை எடுத்து மேஜை மேல் வைத்தாளாம். பன்னிரண்டு மணி நாலு நிமிடத்துக்கு வந்த அழைப்பு அதில் அப்படியே இருந்தது.

மேடம் மறுபடி அதே பூட்ஸோடு தெருவுக்கு வந்தார். பதினேழு வீட்டுக்கும் ஞாபகம் திரும்பியிருந்தது. "காத்து அடங்கினப்புறம்தான் ஒவ்வொண்ணா நினைவுக்கு வருது மேடம்" என்றார் தையற்கடை மாமா. மேடம் அவரைத் திட்டவில்லை. திட்டவும் தெம்பில்லாதவர் போலப் பழைய டிக்கை அடித்துவிட்டுப் புது டிக் போட்டு நகர்ந்தார். எனக்கும் அதேதான்.

தம்பிக்கு வேலை தப்பியது. ஆனால் கையெழுத்து ஆகாத உத்தரவைப் பன்னிரண்டு மணிக்கே வெளியில் சொன்ன குற்றத்துக்கு மைக்கைப் பிடுங்கிக்கொண்டு, பிறப்பு இறப்புச் சான்றிதழ் கவுண்டரில் உட்கார வைத்துவிட்டார்கள். அங்கே அவன் படிப்பதை யாரும் சந்தேகப்படுவதில்லை என்று அவன் பெண்டாட்டி சிரிக்கிறாள். அக்காவுக்குக் கேஸ் நடந்து அபராதத்தோடு முடிந்தது. உரிமம் திரும்பி வரவில்லை. கடைக்குச் சீல் வைக்க வந்த அன்று அவன் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து, தராசையும் கூடைகளையும் ஆட்டோவில் ஏற்றினான். எல்லாம் ஏற்றி முடிந்த பிறகு அவள்தான் கேட்டாள்.

"சாப்பிட்டியா?"

"இல்லை."

"வா."

வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

மகள் பதினோரு நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள். அடுத்த வருஷம் அவள் கடையிலேயே லென்ஸ் தேய்க்கிற பையனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். அவனுக்கு வேறு ஊரில் சொந்தமாகக் கடை அமைய, இருவரும் அங்கே போனார்கள். காய்க்கடைக்காரியும் கூடப் போய்விட்டாள். தையற்கடை மாமாவின் மருமகள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தனிக்குடித்தனம் போனாள், நாலு தெரு தள்ளி. போன மாதம் புயலும் மாற்றல் வாங்கிக்கொண்டு, பெண்டாட்டியோடு அக்கா இருக்கிற ஊருக்கே போய்விட்டான். வீட்டைக் காலி பண்ணிய அன்று எந்தத் தெரு, என்ன விலாசம் என்று கேட்டேன். சொல்லவில்லை.