க்யூவுக்குப் பக்கத்தில் ஏ

செகந்திராபாத் போலாரத்து அடுக்ககம் ஒன்றின் கிளப் அறையில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாலு தமிழர்கள், எழுத்துக் கட்டைகளைச் சேர்த்து ஆங்கிலச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆடுவார்கள். ஜீடிமெட்லா மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஃபெலிக்ஸ், பல் டாக்டர் ரோகிணி, ஐடி வேலையிலிருக்கும் சபீனா. நாலாவதாக வந்து சேர்ந்தவர் வித்யாலட்சுமி. தலைமுறை தலைமுறையாகச் செகந்திராபாத்வாசி. கணவர் போன பிறகு இங்கே குடிவந்தவர். மற்ற நாட்களில் அவர் பேசுவதெல்லாம் பால்காரரிடமும் டி.வி.யிடமும்தான்.

முதலில் அவர் வாராவாரம் தோற்றார். கூட ஆடியவர்கள் சிரித்ததில் கள்ளமில்லை. ஆனால் ஆடிட் ஆபீசில் அதிகாரிகளையே தண்ணீர் குடிக்க வைத்தவருக்கு அந்தச் சிரிப்பு பொறுக்கவில்லை. ரோஷம் வந்துவிட்டது. மத்தியான நேரங்களில் போனில் ஸ்கிராபிள் சொற்பட்டியல்களைப் படிக்க ஆரம்பித்தார்.

க்யூ கட்டை வந்தால் கூடவே யு வேண்டுமே என்று எல்லோரும் திண்டாடுவார்கள். யு தேவையே இல்லை என்று அவர் கண்டுபிடித்தார். நிகாப், காஜி, கவ்வாலி என்று சார்மினார் பக்கம் தினமும் காதில் விழும் சொற்கள் ஆங்கில அகராதியில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. எல்லாவற்றிலும் க்யூவுக்குப் பக்கத்தில் ஏ. க்யூ, ஏ, டி என்று மூன்றே எழுத்தில் ஒரு சொல்லும் இருந்தது. ஏமன் நாட்டில் மெல்லும் ஏதோ இலையாம். இலை என்னவானால் என்ன, பாயிண்ட் கொட்டியது.

அதன்பின் அவரை யாராலும் அசைக்க முடியவில்லை. ஃபெலிக்ஸுக்கு ஷிஃப்ட் மாறியது. ரோகிணிக்கு ஞாயிறும் கிளினிக் என்றாயிற்று. வெறும் சாக்கு என்று வித்யாலட்சுமிக்குப் புரிந்தது. ஜெயித்து ஜெயித்தே தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டுவிட்டார். இனி மிச்சம் சபீனா ஒருத்திதான். அவளும் வராமல் போனால் ஞாயிறும் மற்ற நாள் போலத்தான். 

அதனால் அந்த வாரம் வேண்டுமென்றே தோற்றார். பாவம், ஆட்டத்தின் கடைசி விதியை மறந்துவிட்டார். கையில் மிஞ்சிய கட்டைகளைத் திருப்பிக் காட்டி, அவற்றின் பாயிண்டைக் கழிக்க வேண்டும். சபீனா அவர் கட்டைகளைத் திருப்பினாள். க்யூவும் ஏயும். பலகையில் ஒரு டிக்கு முன்னால் இரண்டு கட்டம் காலியாகக் கிடந்தது.

"ஏன் ஆன்ட்டி இதை வைக்கல?"

"கவனிக்கலைம்மா."

"நீங்களா கவனிக்கல?"

வித்யாலட்சுமி கட்டைகளைக் கவிழ்த்து வைத்தார். "நான் ஜெயிச்சா யாருமே வரமாட்டேங்கறேள். நீயும் போயிட்டா நான் யாரோட பேசறது?"

சபீனா முகத்தில் கோபம் வந்து, பிறகு போனது. "நீங்க ஜெயிச்சீங்கன்னு யாரும் போகல ஆன்ட்டி. முன்னாடி ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் கேப்பீங்க. ஆளுக்கொரு கதை சொல்லுவோம், சாய் ஆறிப்போகும். அப்புறம் வாயைத் திறந்தாலே 'பேச்சு நக்கோ, பேசாதீங்க, டைம் ஓடுது'ன்னீங்க. பையன் கனடா போறான்னு ரோகிணிக்கா இங்கதான் அழுதாங்க. நீங்க கட்டையை அடுக்கிட்டு 'உங்க டர்ன்'னீங்க."

ரோகிணி அழுதது வித்யாலட்சுமிக்கு ஞாபகமே இல்லை. அன்றைக்கு நிகாப் வைத்து ஜெயித்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. அவமானமாக இருந்தது.

"பையன் போயிட்டானா?"

"போன மாசமே போயிட்டான். அக்கா தனியாத்தான் இருக்காங்க."

"எந்த வீடு?"



"உங்க மாடிதான் ஆன்ட்டி. கடைசிக் கதவு."

வித்யாலட்சுமி பலகையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார். கடைசிக் கதவின் மணியை அழுத்தினார். உள்ளே செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது. முதலில் என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றார்.