ஓடக் கூடாத படம்

வலைக்காரன் போட வேண்டிய படத்தை விட்டுவிட்டுப் போடக் கூடாத படத்தைப் போட்டுவிட்டான். இருநூறு பேர் உட்கார்ந்திருந்த கல்லூரி அரங்கில், சுவரளவு திரையில், அவனே வந்து நின்றான்.

வலைக்காரன் என்பது அலுவலகத்தில் வைத்த பட்டப்பெயர். படிப்பை முடிக்கப்போகிற பிள்ளைகளைக் கல்லூரி கல்லூரியாகத் தேடிப்போய், வசதியில்லாத குடியிருப்புகளின் பள்ளிக்கூடங்களில் இரண்டு வருடம் பாடம் நடத்த வாருங்கள் என்று கூப்பிடுவது அவன் பிழைப்பு. மீன் விழுந்ததோ இல்லையோ, வலை நாள் தவறாமல் நனைந்துகொண்டிருந்தது.

அவர்கள் அமைப்பில் ஒரு வழக்கம். புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரின் முதல் வகுப்பையும் படம் பிடித்து, பயிற்சியின்போது எல்லோரும் பார்த்துத் திருத்துவார்கள். ஐந்து வருடத்துக்கு முந்தைய தன் படத்தை, இசையெல்லாம் சேர்த்த விளம்பரப் படத்துக்குப் பக்கத்திலேயே மடிக்கணினியில் வைத்திருந்தான். தலைக்கனம் வராமல் இருக்க ஒரு மருந்தாக. மருந்து இன்று அளவு மீறிப்போனது.

திரையில் அவன் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று பலகையில் எழுதிவிட்டு, கோட்டையைப் பிடித்தவன் மாதிரி திரும்பினான்.

“சார், அரையைவிடக் குறைஞ்சுபோச்சே” என்றாள் மூன்றாவது வரிசைச் சிறுமி.

அரங்கு அதிர்ந்தது. வலைக்காரன் நிறுத்தப் பார்த்தான். பதற்றத்தில் சத்தம்தான் கூடியது. திரையில் இருந்தவனோ வேர்வையைத் துடைக்கிறேன் என்று சாக்பீஸ் தூளை மூக்கிலிருந்து காது வரை பூசிக்கொண்டான். கடைசியில் அந்தச் சிறுமியே எழுந்து வந்தாள். பலகையில் ஆறு கட்டம் போட்டாள். மூன்றை நிரப்பினாள், இன்னும் இரண்டை நிரப்பினாள். “ஆறுல அஞ்சு, சார்” என்று சொல்லிவிட்டு, பாவம் பார்த்தமாதிரி சாக்பீஸை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

படம் முடிந்தபோது மேடையில் இருந்தவனுக்கு மனப்பாடம் செய்த பேச்சில் ஒரு வரிகூட நினைவில்லை. “வேலை இதுதாங்க. இதுக்கப்புறம் கொஞ்சம் தேறினேன்” என்றான்.

வழக்கமாகக் கூட்டம் முடிந்தால் அவன் மேசைக்கு மூன்று பேர் வருவார்கள். அதில் இருவர் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். இன்று வரிசை வாசலைத் தாண்டியது.

“நீங்களே ரெண்டு வருஷம் தாக்குப்பிடிச்சிருக்கீங்க. எங்களால முடியாதா சார்?” என்றான் முதலில் கையெழுத்துப் போட்டவன்.

நாற்பது கையெழுத்து. மானம் போனால் இவ்வளவு வரவு உண்டென்று தெரிந்திருந்தால் என்றைக்கோ போக்கியிருப்பான். கணக்குக்கு ஆள் கேட்டு நாள்தோறும் நச்சரித்துக்கொண்டிருந்த ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியைக்கு உடனே போன் போட்டான்.

“தம்பி, எனக்கு நாப்பது வேண்டாம், ஒண்ணு போதும்” என்றார் அவர். “வெள்ளிக்கிழமைக்குள்ள கணக்குக்கு ஆள் வரலேன்னா அந்த இடத்தையே எடுத்துடுவாங்க. ஒன்பதாவதுல அறுபது பிள்ளைங்க ஒரு வருஷமா கணக்கு நேரத்துல படம் வரையுது. நல்லா வேற வரையுது. அதான் பயமா இருக்கு.”

படிவங்களைப் புரட்டினான். வரலாறு, விலங்கியல், வணிகவியல். கணக்கு படித்தவள் ஒரே ஒருத்தி. எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு, கையெழுத்து இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் வீட்டில் நின்றான். முன்னறையே தையல்கடை. அப்பா மிஷினில் இருந்தார்.

“உக்காருங்க தம்பி. அந்தச் சட்டை மேல மட்டும் வேண்டாம், ஊசி இருக்கு.”

ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். எழுந்தான்.

“இன்சூரன்ஸ் கம்பெனியில இவளுக்கு ஆர்டரே வந்தாச்சு” என்றார் அப்பா. “ஏசி ரூம். நீங்க என்ன தருவீங்க?”

“ஒரு ஃபேன் இருக்கு ஐயா. சில நாள் சுத்தும்.”

உள்வாசலில் அம்மா நின்றார். “ரெண்டு வருஷம் முடிஞ்சதும் இவளுக்கு என்ன வழி?”

“உறுதியா எதுவும் சொல்ல முடியாதும்மா. ஆசை காட்டிக் கூட்டிட்டுப் போனா பாதியில ஓடிடுவாங்க. மறுபடி அந்தப் பிள்ளைங்க படம்தான் வரையணும்.”

இதற்குமேல் நன்றாகக் கெடுக்க முடியாது என்று தன்னையே மெச்சிக்கொண்டான். அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

“நீங்க ஏன் சார் விட்டுட்டீங்க?”

“விடலைங்க, முடிச்சேன். கடைசி வருஷம் சுமாரா சொல்லிக்கொடுத்தேன். அந்தப் பிள்ளைங்களுக்குச் சுமார் போதாது. அதான் என்னைவிட நல்ல ஆளாத் தேடிட்டு அலையறேன்.”

மிஷின் நின்றது.

“அன்னைக்கு எல்லாரும் உங்களைப் பார்த்துத்தான் சிரிச்சாங்க” என்றாள். “நான் அந்தப் பொண்ணையே பார்த்துட்டிருந்தேன். ஆறு கட்டம் போட அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தா?”

“யாருமில்ல. அவளாவே யோசிச்சா.”

“அப்ப, யாராவது சொல்லிக்கொடுத்தா எங்க வரைக்கும் போவா?”

அவள் அப்பாவைப் பார்த்தாள்.

“என்னை ஏன் பார்க்கறே?” அவர் கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்றி மேசையில் வைத்தார். “துணி உன்னுது. நீதான் வெட்டணும்.”

அம்மா அலமாரிமேல் கிடந்த பேனாவை எடுத்து மகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அன்றைய நாற்பதைத் தவிர, இந்த வேலைக்கு வந்த மூன்று வருடத்தில் வலைக்காரன் கேட்டதெல்லாம் ‘பார்க்கலாம்’, ‘யோசிக்கறேன்’, ‘நானே கூப்பிடறேன்’ என்பவைதான்.

“வர்றீங்களா, இல்லையா?” என்றான். “எதுவானாலும் சொல்லிடுங்க. ஹெட்மிஸ்ட்ரஸ் போன் பக்கத்துலயே உக்காந்திருக்காங்க.”

அவள் படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

“வர்றேன் சார். திங்கட்கிழமை முதல் பீரியடே எனக்குக் கொடுக்கச் சொல்லுங்க.”