காதைப் பொத்திய சிங்கம்

சுவிஸில், வின்டர்தூர்த் தமிழ்க் கத்தோலிக்கர், பெரிய வெள்ளி பின்னேரம் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் படம் பார்ப்பது வழக்கம். மண்டபத்தைச் சுவிஸ் பங்குக் கோயில்காரர் தருவார்கள். படம் மரியதாஸ் அண்ணையின் பொறுப்பு. ஐந்து வருடமாக அவர் அதே தேய்ந்த வீடியோக் கொப்பியைத்தான் போட்டார். ஆண்டவர் சிலுவையில் தொங்கும் நேரம் பார்த்துத் திரை முழுக்கக் கோடு ஓடும். தொண்ணூற்று நாலாம் ஆண்டு, முதியோர் இல்லத்தில் வேலை செய்த மனோகரி கூட்டத்தில் எழும்பி, இந்த முறை படத்தைத் தானே கொண்டு வருவதாகச் சொன்னாள். பொம்பிளைகளுக்கு இது சரிவராது என்று மரியதாஸ் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. தான் பிழைவிட்டால், பிறகு எந்தப் பெண்ணுக்கும் அங்கே ஒரு பொறுப்பும் கிடைக்காது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பழைய சாமான் கடையில் வீடியோ கசெட் ஒன்று கிடைத்தது. அட்டையில் உரோமைச் சேவகர், சிங்கம், வானத்தைப் பார்த்துக் கைகூப்பியபடி விசுவாசத்துக்காக உயிர்விடும் வேதசாட்சி. இதற்கு மேல் என்ன வேண்டும்? பரிசுத்த வாரம் முழுக்க இரட்டை வேலை. போட்டுப் பார்க்க நேரமில்லை. அட்டையை நம்பினாள், பாவி!

வெள்ளியன்று எல்லாரும் வெள்ளையும் ஊதாவும் உடுத்து, காலையிலிருந்து வெறும் கஞ்சியோடு, செத்த வீட்டில் இருப்பதுபோல் இருந்தார்கள். படம் தொடங்கியது. பேரரசர் கையை உயர்த்தியதும் கிரீடம் வழுகிக் கண்ணை மூடியது. பழைய படம்தானே என்று மனோகரி மனதைத் தேற்றினாள். அடுத்து, வேதசாட்சியைச் சிங்கத்தின் முன் தள்ளினார்கள். அவர் முழங்காலில் நின்று ஜெபிக்கிறார், ஜெபிக்கிறார், முடிக்கிற பாடாயில்லை. சிங்கம் கொட்டாவி விட்டது. கடைசியில் முன்னங்கால் இரண்டாலும் காதைப் பொத்திக்கொண்டு படுத்துவிட்டது.

ஐயோ, அந்த மண்டபத்தைப் பார்த்திருக்க வேண்டும்! ஒருவர் கைலேஞ்சியால் முகத்தை மூடினார். ஒருவருக்குத் தோள் குலுங்கியது. முன்வரிசையில் ஒருத்தி சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்தாள். சிரித்தால் பாவம், சிரிக்காவிட்டால் மூச்சு முட்டும். மனோகரிக்கு உடம்பெல்லாம் கூசியது.

மரியதாஸ் எழும்பித் திரையை மறைத்துக்கொண்டு நின்றார்.

"நான் அப்பவே சொன்னனான்," என்றார்.

மனோகரி நடந்துபோய்த் தானே வீடியோ டெக்கை நிறுத்தினாள்.

"பார்க்காமல் கொண்டு வந்தது என்ர பிழை, அண்ணை. ஆனா பகிடிப் படத்தில பிழையில்லை, நாள்தான் பிழை. ஞாயிற்றுக்கிழமை உயிர்ப்புப் பூசை முடிய இதையே போடுவம். இப்ப எல்லாரும் முழங்காலில நில்லுங்கோ."

ஆண்டவரின் பாடுகளைத் தியானிக்கும் சிலுவைப்பாதை ஜெபத்தை அவளே தொடங்கினாள். பதினான்கு நிலையும், புத்தகமில்லாமல். குரல் ஓரிடத்திலும் நடுங்கவில்லை. ஆண்டவர் உயிர்விடும் பன்னிரண்டாம் நிலையில், சற்றுமுன் சிரிப்பை அடக்கிய அதே சனம் விம்மி அழுதது. ஐந்து வருடமாகப் படம் பார்த்தும் வராத அழுகை.

ஞாயிறன்று மண்டபம் கொள்ளவில்லை. இரண்டு நாள் அடக்கிவைத்த சிரிப்பல்லவா! கதை பரவி, சூரிச்சிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். சைவக்காரரும் வந்து குந்தினார்கள். சிங்கம் காதைப் பொத்தியபோது உட்கார்ந்திருந்த கதிரையெல்லாம் அதிர்ந்தது. மரியதாஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். அதைப் பார்த்த மனோகரிக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

படம் முடிந்ததும் அவர் கனைத்துக்கொண்டு, வரும் ஆண்டு படத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டார். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. மண்டபம் முழுக்க மனோகரியின் பக்கம் திரும்பியது.

"நான்தான்," என்றாள் அவள். "ரெண்டு நாளுக்கும்."