நாற்பது வினாடி மிச்சமிருந்தபோது

1.

முன்பின் அறிமுகமில்லாத தங்கள் முன் இப்படி எழுத்தும் கையுமாக வந்து நிற்பதற்குப் பொறுத்தருள வேண்டுகிறேன். முப்பத்தோர் ஆண்டுகள் நகராட்சி நூலகத்தில், பிறர் எழுதிய நூல்களுக்கு அட்டவணைச் சீட்டு எழுதியவன் நான். சொந்தமாக ஒரு பத்தியும் எழுதியதில்லை. சென்ற வசந்தத்தில், கார்பிஞேயின் மீன்கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கும் கடை ஒன்றைத் திறந்தார்கள். "இங்க முன்னாடி என்ன சார் இருந்துச்சு?" என்று கடைப்பெண் கேட்டாள். "மீன்கடை" என்றேன். வீடு திரும்பிய பிறகு, அது போதுமான பதில் அல்ல என்று தோன்றியது. கதையின் பிறப்பு அவ்வளவே.

2.

முதல் தொடக்கம்: "தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு மாலையில், வரலாற்றின் கொடிய..." (வரலாறு எதற்கு? அடித்துவிட்டேன். தூறல் மட்டும் உண்மை. எங்கள் ஊரில் அது எப்போதுமே உண்மை.)

இரண்டாம் தொடக்கம்: "வன்முறை என்பது" (இதற்குமேல் நகரவில்லை.)

மூன்றாம் தொடக்கம்: "கார்பிஞே எங்கள் ஊரிலேயே உரத்த குரல் படைத்தவள்." தாங்கள் அனுமதித்தால் இதையே வைத்துக்கொள்கிறேன்.

3.

அவள் "நெத்திலி வந்திருக்கு!" என்று கூவினால், ஆற்றின் அக்கரையில் பத்திரம் எழுதிக்கொண்டிருக்கும் நோட்டரி பேனாவைக் கீழே வைத்துவிடுவார். அப்படிப்பட்டவள் எங்கள் மௌனக் கூட்டத்தில் வந்து சேர்ந்ததுதான் இக்கதையின் வேடிக்கை.

எங்கள் இயக்கம் மிக எளியது. ஸ்பெயினிலிருந்து எங்கள் பாஸ்க் மண்ணைப் பிரித்துத் தனி நாடாக்குவதற்காகக் கொல்லலாம் என்று நம்பியவர்கள் எங்கே யாரைக் கொன்றாலும், மறுநாள் மாலை ஏழு மணிக்கு, சதுக்கத்தில் ஒரு பேனருக்குப் பின்னால் பதினைந்து நிமிடம் பேசாமல் நிற்போம். ஒன்பது பேர்; நோட்டரியின் நாயையும் சேர்த்தால் பத்து. செத்தவர் யாராயினும் நிற்பது என்பது விதி: போலீஸ்காரரானாலும் சரி, கவுன்சிலரானாலும் சரி, கொல்லப் போன இடத்தில் தானே மாண்டவனானாலும் சரி. மாதா கோயில் கடிகாரம் ஏழு நிமிடம் முந்தி ஓடும் என்பதால், என் கைக்கடிகாரமே கணக்கு. நேரம் பார்ப்பது என் பொறுப்பு. (வேறெதற்கும் நான் உதவமாட்டேன் என்பது பொதுக்கருத்து.)

பதினைந்தடி தள்ளி, எதிரே கொன்றவர்களின் ஆதரவாளர்கள் நாற்பது பேர் நின்று கத்துவார்கள்.

"ஏய் கார்பிஞே! உன் மீனைவிட உன் பேனர்தான்டி நாறுது!"

"மாட்ரிட்ல போய் நில்லுங்க, அங்கதான் சோறு போடுவாங்க!"

அவள் முகம் வெந்த இறால்போல் சிவக்கும். உதடு திறக்காது. நான் "ஆயிற்று" என்று சொன்ன மறுகணம் வெடிப்பாள்.

"எவன்டா அது, என் மீன் நாறுதுன்னவன்? நேத்து ரெண்டு கிலோ கணவாய் வாங்கிட்டுப் போனியே, அது மணந்துச்சா? நாளைக்கு வா, உனக்குத் தலையும் வாலும்தான்!"

எதிர்வரிசையிலேயே சிலர் சிரித்துவிடுவார்கள்.

4.

அந்த நாற்பது பேரில் ஒருவர் அவளுடைய அண்ணன் இமானோல். (முதல் வரைவில் அவருக்கு மீசை வைத்து முரடராக்கியிருந்தேன். மீசை இல்லை. முரடரும் இல்லை, கடைப் பூனைகளுக்கு முள் நீக்கித்தான் மீன் போடுவார். திருத்திவிட்டேன்.) விடியலில் துறைமுகத்துக்கு வேன் ஓட்டிப் போய் மீன் எடுத்துவருபவர் அவர், விற்பவள் அவள். தங்கை எங்கள் வரிசையில் நின்ற நாள்முதல் இருவருக்கும் பேச்சில்லை. ஆனால் கடை நடக்க வேண்டுமே? ஆகவே வாடிக்கையாளர்கள் வழியாகப் பேசினார்கள்.

"லைப்ரரி, அவகிட்டச் சொல்லு, சூரை இன்னிக்கு விலை ஏறிடுச்சுன்னு."

"அவர்கிட்டச் சொல்லுங்க லைப்ரரிக்காரரே, ஐஸ் பத்தல, கண்ணு இருந்தா பாக்கச் சொல்லுங்க."

இருவருக்குமிடையே மூன்றடி இருக்கும். நான் இரண்டையும் மரியாதைச் சொற்கள் சேர்த்து, ஒரு வார்த்தை விடாமல் எடுத்துச் சொல்வேன். ஓராண்டு இப்படிப் போயிற்று. ஊரே இதைப் பார்க்கத்தான் மீன் வாங்க வந்தது என்று

(இந்த வாக்கியத்தை முடிக்க மனம் வரவில்லை.)

5.

பிறகு ஆரிட்ஸ் செத்தான். வயது இருபத்து மூன்று. ஒரு காருக்கடியில் வைக்க எடுத்துப் போன குண்டு, மடியிலேயே வெடித்துவிட்டது. அவன் இமானோலின் ஞானமகன். மாதா கோயிலில் ஞானஸ்நானத்தின்போது அவனைக் கையில் ஏந்தி நின்றவர் அவர்தான்.

மறுநாள் காலை கடையில் என்னைத் தவிர யாரும் இல்லை.

"அவகிட்டச் சொல்லு லைப்ரரி. இன்னிக்கு அங்க வந்து நிக்க வேணாம்."

சொன்னேன்.

"செத்தவங்க யாரா இருந்தாலும் நிக்கிறதுன்னுதான் நிக்கிறோம். அவர்கிட்டச் சொல்லுங்க."

சொன்னேன்.

"அவன் செத்ததுக்கு அழ எங்களுக்குத் தெரியும். உங்க தயவு வேணாம். அவ நின்னா, நாளைலேருந்து வேன் வராது. கடையும் இல்ல, அண்ணனும் இல்ல. சொல்லு."

இதை மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. தேவையும் இருக்கவில்லை, மூன்றடிதானே. அவள் நெத்திலியைக் காகிதத்தில் சுற்றி என் கையில் கொடுத்தாள். "அந்தப் புள்ளைக்கு இந்தக் கடையில மீன் துண்டு ஊட்டியிருக்கேன்" என்றாள். யார் வழியாகவும் அல்ல, பொதுவாக.

6.

அன்று மாலை அவள் வந்து நின்றாள்.

எதிரே நாற்பது பேரும் வந்தார்கள். ஆனால் அவர்களுக்கு என்ன கத்துவதென்று தெரியவில்லை. செத்தவன் அவர்களுடைய பையன். அவனுக்காகத் தலைகுனிந்து நிற்பவர்கள் நாங்கள். ஒருவர் வாயைத் திறந்து, பக்கத்திலிருப்பவரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். சதுக்கத்தில் முதன்முறையாக இரண்டு பக்கமும் மௌனம். நோட்டரியின் நாய்கூடக் குழம்பிப் போய் உட்கார்ந்துவிட்டது.

பதினான்காம் நிமிடம் காலடி ஓசை கேட்டது. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவர் நடந்து வந்து, பேனருக்கு முன்னால் நின்றார். செருப்பு தெரிந்தது, மீன் செதில் ஒட்டிய ரப்பர் செருப்பு. நான் நிமிரவில்லை. என் பொறுப்பு வினாடி முள்.

"அண்ணா," என்றாள் கார்பிஞே.

ஓராண்டில் நேராக அவரிடம் அவள் பேசிய முதல் சொல். அடுத்த சொல்லுக்கு அவள் மூச்சிழுத்ததும் எனக்குக் கேட்டது.

அப்போது நான், மிகுந்த பணிவுடன், தாழ்ந்த குரலில், "மன்னிக்கணும், இன்னும் நாப்பது வினாடி இருக்கு," என்றேன்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். விதியை எங்களில் யாரையும்விடக் கண்டிப்பாகக் காத்தவள் அவள். செருப்புகள் சிறிது நேரம் நின்றன. பிறகு திரும்பிப் போயின. நான் "ஆயிற்று" என்று சொன்னபோது, அன்று மட்டும் அவள் எதுவும் கத்தவில்லை.

7.

இந்த முடிவை மாற்றப் பலமுறை முயன்றேன்.

முடிவு அ: நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

முடிவு ஆ: இமானோல் அந்த நாற்பது வினாடியும் அங்கேயே நிற்கிறார்.

முடிவு இ: கார்பிஞே ஊர் அதிரக் கத்துகிறாள். "யோவ் லைப்ரரி, அந்த வாட்ச்சக் கழட்டி ஆத்துல போடுய்யா!" (எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அவள் குரலுக்குப் பொருத்தமும் இதுதான்.)

மறுநாள் வேன் வரவில்லை. அவள் தன் மகளோடு விட்டோரியா நகரத்துக்குப் போய்விட்டாள். இமானோல் இறந்த பிறகு ஒருமுறை தொலைபேசியில் கேட்டேன்: "அன்னைக்கு என்ன சொல்ல வந்தீங்க?"

"யாருக்கு ஞாபகம் இருக்கு லைப்ரரிக்காரரே. 'சாப்டியா'ன்னு கேக்க வந்திருப்பேன். வேற என்னத்தக் கேப்பேன்?" பிறகு சொன்னாள்: "நீங்க நேரம் சரியாத்தான் பாத்தீங்க."

தங்களுக்கு இவற்றில் எது உகந்ததோ அதை வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன். நான்காவதாக ஒன்று தோன்றினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. நடந்ததை மாற்றும் உரிமை எனக்கு இல்லாததால், இழந்தவற்றை மட்டும் எழுதி நிறுத்திக்கொள்கிறேன்.

8.

எங்கள் ஊரில் மூன்று உயிர்கள்: ஒரு போலீஸ்காரர், ஒரு கவுன்சிலர், ஆரிட்ஸ்.

ஒரு மீன்கடை.

ஓர் அண்ணனும் தங்கையும் உயிரோடிருந்தும் பார்த்துக்கொள்ளாத பதினாறு ஆண்டுகள்.

ஒரு வாக்கியம், அதன் முதற்சொல் நீங்கலாக.