பேருந்தில் ஏறிய வரிச்சுறாக்கள்

மேம்பாலத்து ஏற்றத்தில் வேன் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோனதும் தொட்டிக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேன் ஓட்டுநர் இறங்கி முன்மூடியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளேயிருந்து வந்த புகையைப் பார்த்ததும் தூக்கிய வேகத்திலேயே மூடினார்.

"இது இன்னைக்கு நகராது சார்."

தொட்டிக்காரர் என்பது மீன் காட்சியகத்தில் அவருக்கு வைத்த பட்டப்பெயர். கண்ணாடித் தொட்டிக்குள் இறங்கிக் கழுவுவதிலிருந்து மீன்களுக்கு ஊட்டிவிடுவது வரை எல்லாம் அவர் பாடு. அன்று அவர் மடியை விட்டு இறக்காத குறையாகக் கொண்டுவந்த பெட்டியில் இரண்டு வரிச்சுறாக் குட்டிகள் இருந்தன. ஒரு காலத்தில் அந்த ஊர் வளைகுடாவில் மண்டிக் கிடந்த இனம். துடுப்புக்காகப் பிடித்ததும் வலையில் தானாகச் சிக்கியதும் போக, ஒன்றுகூட மிஞ்சவில்லை. இப்போது அங்கே வலை போடத் தடை வந்திருக்கிறது. வேறு ஊர்க் காட்சியகங்களிலிருந்து முட்டைகளை விமானத்தில் வரவழைத்து, பொரிக்கவைத்து, வாய்க்கு வாய் ஊட்டி வளர்த்து, முதல் இரண்டைக் கடலில் விடப்போகிற நாள் அது. படகு துறையில் காத்திருந்தது. நீர் ஏறியிருக்கும்போதே கிளம்பியாக வேண்டும். வற்றிவிட்டால் முகத்துவாரத்து மணல்திட்டைத் தாண்டாது.

டாக்சி ஒன்று நின்றது. பெட்டியிலிருந்து ஒழுகிய உப்புத்தண்ணீரைப் பார்த்ததும் பறந்துவிட்டது. அடுத்து வந்தது துறைமுகம் போகிற நகரப் பேருந்து. தொட்டிக்காரர் நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் ஆட்டினார். பேருந்து நின்றது. தொட்டிக்காரர் ஓட்டுநர் இருக்கையில் இருந்தவரைப் பார்த்தார். ஆட்டிய கைகளைக் கீழே போட்டார்.

ஓட்டுநர் அவருடைய மனைவி.

இருவருக்கும் நேற்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. சுறாக்களுக்கு வெட்டிய கணவாய் மீனை ஐஸ்க்ரீம் டப்பாவில் போட்டு வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தது அவர் செய்த குற்றம். மனைவியின் பேருந்துப் பணிமனை மேலாளர் குடும்பத்தோடு விருந்துக்கு வந்தபோது, ஐஸ்க்ரீம் என்று நம்பி அந்த டப்பாவை ஸ்பூனோடு மேசையில் வைத்தது அவருடைய மாமியார். மேலாளரின் மகள் மூடியைத் திறந்தாள். அதற்கப்புறம் நடந்ததை இங்கே சொல்ல வேண்டியதில்லை.

மனைவி கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நடத்துனரிடம் சொன்னாள்: "அண்ணே, அந்த ஆளுகிட்ட கேளுங்க, பெட்டியில என்னன்னு."

"என்ன சார் பெட்டியில?"

"சுறா."

"சுறாவாம்மா."

"காது கேக்குது. உயிரோட இருக்கிற பிராணிய ஏத்தக்கூடாதுன்னு சட்டம் இருக்கே, அது தெரியுமான்னு கேளுங்க."

"அவங்ககிட்ட சொல்லுங்க," என்றார் தொட்டிக்காரர் கெஞ்சலாக, "தண்ணி வத்துறதுக்குள்ள துறைக்குப் போகலைன்னா ரெண்டு வருஷப் பாடு வீணாயிடும்."

நடத்துனர் ஒருமுறை அந்தப் பக்கம், ஒருமுறை இந்தப் பக்கம் கழுத்தைத் திருப்பினார். அதற்குள் பயணிகள் எழுந்து வந்துவிட்டார்கள். கன்னம் வீங்கிப் பல் டாக்டரிடம் போய்க்கொண்டிருந்த ஒருவர், கன்னத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டே, "கடிக்குமா?" என்று கேட்டார்.

"நீங்க நத்தையா இருந்தா கடிக்கும்."

பேருந்து முழுக்கச் சிரித்தது. மனைவி சிரிக்கவில்லை. ஆனால் கதவு திறந்தது. ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பெட்டியை ஏற்றினார்கள். நடத்துனர் சும்மா விடவில்லை; "ரெண்டு அரை டிக்கெட்டு" என்று கிழித்துக் கொடுத்தார்.

மேம்பாலத்தைத் தாண்டி இறங்கும்போது பெட்டிக்குள் கொப்பளித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. காற்று ஊதுகிற மோட்டாரின் பேட்டரி செத்துவிட்டது. தொட்டிக்காரர் தட்டினார், குலுக்கினார், திட்டினார். குட்டிகள் அடியில் கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இத்தனை வருஷ அனுபவமும் அந்த நிமிஷத்தில் காற்றாய்ப் பறந்துவிட்டது. பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "ஐயோ, மூச்சு முட்டுதே, மூச்சு முட்டுதே" என்று அரற்றினார்.

"என்னங்க!" முன்னாலிருந்து குரல் வந்தது. "மூடியத் தொறந்து, தண்ணிய மொண்டு மேலேருந்து ஊத்துங்க! காத்து கலக்கும்னு நீங்கதானே தூக்கத்துலகூட உளறுவீங்க!"

தொட்டிக்காரருக்கு உயிர் வந்தது. இத்தனை நாளும் அவர் சாப்பாட்டு மேசையில் பேசியதெல்லாம் சுவரோடு போகவில்லை, அவள் காதில் விழுந்திருக்கிறது. ஒரு பெண் தன் சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்ய எடுத்தாள். "எண்ணெய் பட்ட பாத்திரம் வேண்டாம்!" என்று அலறினார். யாரோ குழந்தையின் மணல் வாளியை நீட்டினார்கள். மொண்டு உயரத் தூக்கி ஊற்றினார். கை ஓய்ந்ததும் பல்வலிக்காரர் வாங்கிக்கொண்டார். அப்புறம் ஒரு தபால்காரர், அவருக்கப்புறம் பயணிகளில் ஒரு மாமியாரும் மருமகளும். எல்லோர் மடியும் தொப்பலாக நனைந்தது. ஒரு குட்டி வாலைச் சுழற்றி நடத்துனரின் முகத்தில் தண்ணீரை விசிறியடித்தது. "டிக்கெட்டு வாங்கின திமிரு!" என்று அவர் கத்த, சிரிப்பில் பேருந்தே குலுங்கியது.

கடைசி நிறுத்தம் துறைமுக வாசலோடு சரி. படகுத்துறை அதற்கும் அப்பால், நீளமான சரக்குக் கிடங்குகளின் கோடியில்.

மனைவி பயணிகள் பக்கம் திரும்பினாள். "இதுக்கு மேல ரூட்டு கிடையாது. உள்ள போனா என்கிட்ட விளக்கம் கேப்பாங்க. இறங்குறவங்க இறங்கிக்கலாம்."

ஒருவர் கூட இறங்கவில்லை. "விடும்மா வண்டிய!" என்றார் பல்வலிக்காரர்.

வாசல் காவலாளி தடுப்புக் கம்பத்தை இறக்குவதா வேண்டாமா என்று யோசித்து முடிப்பதற்குள் அவள் ஹாரனை விடாமல் அடித்து உள்ளே நுழைந்துவிட்டாள். படகில் காத்திருந்த காட்சியக மருத்துவர், வேனை எதிர்பார்த்த இடத்தில் பேருந்து வந்து நின்றதையும், அதிலிருந்து சொட்டச் சொட்ட நனைந்த கூட்டம் ஒன்று பெட்டியைத் தோளில் சுமந்து ஓடிவந்ததையும் பார்த்து வாய் பிளந்து நின்றார்.

படகு மணல்திட்டை உரசிக்கொண்டு வெளியேறியது. பவளத்திட்டு ஓரத்தில், கழுத்தளவுத் தண்ணீரில் தொட்டிக்காரர் இறங்கினார். மூத்த குட்டியைக் கையிலிருந்து விட்டதுதான் தெரியும், போயே போய்விட்டது. இளையது போகவில்லை. மணலில் படுத்து அவர் காலோடு ஒட்டிக்கொண்டது. அவர் மூழ்கி, அதன் முதுகை ஒரு விரலால் தடவினார். "போடா" என்றார், குமிழிகள்தான் வந்தன. அது ஒரு நண்டைக் கண்டது. பின்னாலேயே நெளிந்து நெளிந்து போனது. மஞ்சள் வரிகள் தண்ணீரில் கரைகிற வரை பார்த்துவிட்டு மேலே வந்தவர், என்ன செய்கிறோம் என்று தெரியாமல் ஊளையிட்டார். மருத்துவரும் சேர்ந்து ஊளையிட்டார்.

சாயங்காலம் வேலை முடிந்து மனைவி சீருடையோடு துறைக்கு வந்தாள். மேலாளர் என்ன சொன்னார் என்று அவர் பயந்துகொண்டே கேட்டார்.

"எழுத்துல விளக்கம் கேட்டிருக்கார். கேட்டுட்டு, அடுத்த தடவை சுறா விடப் போறப்ப அவர் பொண்ணையும் கூட்டிட்டுப் போகணுமாம்." அவள் செருப்பைக் கழற்றிவிட்டு மரப்பலகையில் உட்கார்ந்தாள். "அத விடுங்க. சின்னது எப்படிப் போச்சு? சொல்லுங்க."

அவர் நீந்திக் காட்டினார். ஈர உடுப்போடு பலகையில் குப்புறப் படுத்து, கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, இடுப்பை இப்படியும் அப்படியும் நெளித்து, இல்லாத நண்டைத் துரத்தினார். படகுக் கயிறு சுற்றிக்கொண்டிருந்த இரண்டு பேர் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, படகு கட்டுகிற கட்டையில் சாய்ந்து, கண்ணில் நீர் முட்டச் சிரித்தாள். "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்றாள். அவர் மறுபடியும் படுத்தார்.